விலாசம் எழுதத் தெரியாத இன்ஜினியர்

நான் பி.காம். பேங்க்ல லோன் ஃபைல் புரட்டுற ஆசாமி. ரேடியோ பத்திப் பேச உனக்கு என்ன தகுதின்னு கேட்பீங்க. ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கட்டுற அப்பாங்கிற தகுதி போதாதா? :-)

இங்கே நாக்பூர்ல நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தா இப்போ ஒரே பேச்சுதான். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பசங்களோட கடைசி வருஷ ப்ராஜெக்ட். சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோன்னு ஒண்ணு. அனலாக் டிவைசஸ் கம்பெனியோட ப்ளூட்டோங்கிற சின்னப் பெட்டி. அதுக்கு ஃபர்ம்வேர் ஏத்தி, ஐ.பி. அட்ரஸ் போட்டு, 'ரெடியா' கையில கொடுக்க ஆள் இருக்காம். "காசைக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சது சார், பையன் எதுக்குக் கஷ்டப்படணும்?"

இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அப்படி என்னதான் கஷ்டம்னு பார்ப்போம்.

பெட்டியை யு.எஸ்.பி.ல சொருகினா பல வேஷத்துல வரும். ஒண்ணு பென் டிரைவ், இன்னொண்ணு நெட்வொர்க் கார்டு. பெட்டியோட விலாசம் 192.168.2.1, நம்ம கம்ப்யூட்டருக்கு அது கொடுக்கிற விலாசம் 192.168.2.10. மாஸ்க் 255.255.255.0. அதாவது முதல் மூணு எண் தெரு, கடைசி எண் கதவு நம்பர். செக்குல இருக்கிற எம்.ஐ.சி.ஆர். கோடு மாதிரிதான். 9 இலக்கத்துல முதல் 3 ஊர், அடுத்த 3 பேங்க், கடைசி 3 கிளை. பி.காம். படிச்சவனுக்கே புரியுது!

வீட்டு ரவுட்டரும் அதே 192.168.2 தெருவுல இருந்தா? ரெண்டு கிளைக்கு ஒரே கோடு கொடுத்த கதை. செக் எங்கே போகும்? ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு ப்ளூட்டோ சொருகினாலும் இதே கூத்துதான். அந்த பென் டிரைவுல இருக்கிற கான்ஃபிக் ஃபைலைத் திறந்து ரெண்டு விலாசத்தையும் வேற தெருவுக்கு, ஆனா ஒரே தெருவுக்கு, மாத்தணும். சேவ் பண்ணிட்டு 'எஜெக்ட்' கொடுக்கணும். எஜெக்ட் கொடுத்தாத்தான் பெட்டி அதைப் படிக்கும், வெறுமனே பிடுங்கினா படிக்காது.

ஃபர்ம்வேரும் அப்படித்தான். புது ஃபைலை அதே டிரைவுல போட்டு எஜெக்ட். விளக்கு படபடன்னு சிமிட்டும். சுமார் 4 நிமிஷம் கையை வைக்காம இருக்கணும். பாதியில கரண்ட் போனாலும், பட்டனை அமுக்கிக்கிட்டே சொருகி மறுபடி ஏத்த வழி இருக்கு. எல்லாம் கம்பெனியே எழுதி வெச்சிருக்கு, இலவசமா.

"அவன் படிக்கிறது சிக்னல், ஐ.பி. அட்ரஸ் இல்லையே, நேரம் வீண்தானே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா வைவா நேரத்துல லேப் கம்ப்யூட்டர்ல சொருகினதும் பெட்டி கண்ணுக்குத் தெரியலைன்னா, அவன் சிக்னல் எங்கே போய் நிக்கும்? அப்போ போன் போட்டுக் கூப்பிட அந்த 'ரெடி' ஆசாமி வருவாரா? ஒரு சாயந்திர வேலையை மிச்சம் பிடிச்சு, நாலு வருஷப் படிப்பைப் பணயம் வெக்கிறோம்.

நாம ஊரை விட்டு இங்கே வந்து இறங்கினப்போ ஹிந்தி தெரியாது. பஸ் போர்டைப் படம் பார்க்கிற மாதிரி பார்த்து, நாலு பேர்கிட்ட விலாசம் விசாரிச்சு, நாமளேதான் வீடு கண்டுபிடிச்சோம். அந்தத் திறமையிலதான் இன்னிக்கு ஈ.எம்.ஐ. கட்டுறோம். பிள்ளைக்கு மட்டும் விலாசத்தை விலைக்கு வாங்கித் தர்றது பாசம் இல்லைங்க, துரோகம்.

பெட்டியை வாங்கிக் கொடுங்க. செட்டிங்கை அவனே செய்யட்டும். ரெண்டு தடவை சொதப்பினா சொதப்பட்டும், நீங்க பக்கத்துல டீ போட்டுக்கொடுத்தா போதும்.