மணலும் எமது, காலமும் எமது!

சுவிற்சர்லாந்து தேசத்திற் செய்யப்படும் விலையுயர்ந்த கைக்கடிகாரத்துக்கும் அனலைதீவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் கேட்கட்டும். கடிகாரம் பிறப்பதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, மண்ணிலிருந்து பெறும் உலோகம். மற்றொன்று, காலத்துக்கு மனிதன் கொடுக்கும் மதிப்பு. இவ்விரண்டிலும் எமது மக்களுக்குப் பங்கு உண்டு. இவ்விரண்டிலும் எமது மக்கள் புறக்கணிக்கப்படுகின்றனர். ஆதலால் இதனை எழுதுகின்றோம்.

2016ஆம் ஆண்டில் ‘ராக் ஹோயர்’ என்னும் சுவிஸ் நிறுவனம் ஒரு கடிகாரத்தை வெளியிட்டது. விளையாட்டு வீரர் அணியும் பாங்கு. தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான கூடு. உள்ளே ‘தூர்பியோன்’ என்னும் நுண்பொறி. விலை 14,900 சுவிஸ் பிராங்கு. இது மிக மலிவு என்று அத்தொழிலில் உள்ளோர் வியந்தனர்! வியப்புக்குக் காரணம் உண்டு. 2010இல் டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் ஆடுகளத்தில் அணிந்திருந்த ‘றிச்சாட் மில்’ தூர்பியோன் கடிகாரத்தின் விலை ஐந்து இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேல்.

தூர்பியோன் என்பது பிரெஞ்சுச் சொல். சுழற்காற்று என்பது அதன் பொருள். பாரிசு நகரிலே கடிகாரத் தொழில் செய்த ஆபிரகாம் லூயி பிறெகே 1801 யூன் 26இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்துக் கடிகாரம் சட்டைப்பையில் ஒரே நிலையில் நிமிர்ந்து நிற்கும். புவியீர்ப்பு அதன் சமநிலைச் சக்கரத்தை ஒரே பக்கமாக இழுக்கும், நேரம் பிசகும். பிறெகே அச்சக்கரத்தையும் அதனோடு சேர்ந்த உறுப்புகளையும் ஒரு சிறு கூண்டிலே வைத்தார். அக்கூண்டையே சுழல விட்டார். நிமிடத்துக்கு ஒருமுறை அது சுற்றிவர, ஒரு பக்கத்துப் பிழையை மறு பக்கத்துப் பிழை ஈடு செய்தது. அறிவின் அருஞ்செயல் இது. நாம் அதனைப் போற்றுகின்றோம்.

ஆனால், இன்று நிலைமை யாது? கையிற் கட்டிய கடிகாரம் ஓயாது நிலைமாறிக்கொண்டே இருப்பதால் தூர்பியோனின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. 1969 டிசம்பரில் யப்பானிய நிறுவனமாகிய சைக்கோ, குவாட்ஸ் படிகத்தால் இயங்கும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகம் இன்று ஏழை மாணவனின் கையிலும் இருக்கின்றது. அது மாதத்துக்குப் பதினைந்து விநாடியளவே பிசகும். சுவிஸ் நாட்டார் சான்றிதழ் கொடுத்துப் போற்றும் பொறிக்கடிகாரமோ ஒரே நாளில் 4 விநாடி பிந்தலாம். 6 விநாடி முந்தலாம். எனவே, பெருஞ்செல்வர் பெரும்பணம் கொடுப்பது நேரத்தை அறிவதற்கு அன்று. தமது நேரம் விலைமதிப்பற்றது என்று உலகுக்குக் காட்டுவதற்கே!

காட்டட்டும். ஆயின், அனலைதீவானின் நேரத்துக்கு விலை இல்லையா?

ஒல்லாந்தர் எமது தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டியபோது அனலைதீவுக்கு ‘றொட்டர்டாம்’ என்று பெயரிட்டனர். அப்பெயருக்குரிய நகரம் இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம். அனலைதீவுக்கோ இன்றும் பாலம் இல்லை, படகே வழி. ஊர்காவற்றுறைக்கோ குறிகாட்டுவானுக்கோ கடல் கடந்து, பின்னர் தரைவழியே யாழ்ப்பாணம் சேரவேண்டும். புகையிலை விற்கப் போகும் கமக்காரனும், கச்சேரிக்குப் போகும் முதியவளும், போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளியும் படகின் நேரத்துக்கே தம் வாழ்வை அமைக்கின்றனர். சோளகம் எழுந்து கடல் கொந்தளித்தால், அவர்கள் காண்பது கூண்டுக்குள் அடங்கிய சுழற்காற்றை அன்று!

ஒரு கணக்குப் பார்ப்போம். படகு இரண்டு மணி நேரம் பிந்தினால் 7,200 விநாடி. நாளொன்றுக்கு 4 விநாடி பிந்தும் கடிகாரம் அவ்வளவு பிந்துவதற்கு 1,800 நாட்கள் வேண்டும். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். செல்வரின் மணிக்கட்டில் ஐந்து ஆண்டுகளிற் சேரும் பிழையைத் தீவு மகன் ஒரே காலையில், இறங்குதுறையில் நின்றபடியே, சுமந்து தீர்க்கின்றான். முன்னதைத் திருத்த உலகின் சிறந்த கைவினைஞர் உழைக்கின்றனர். பின்னதைத் திருத்த உழைப்பவர் யார்?

மணிக்கணக்கில் மட்டுமா? ஆண்டுக்கணக்கிலும் எமது காலம் செலவழிக்கப்படுகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் வழங்கும் திட்டத்தை 2021 சனவரியில் கொழும்பு அரசு சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. இந்தியா ஆட்சேபித்தது, அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை. 2024 மார்ச்சிலே இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம். வல்லரசுகள் தம்முள் வழக்காடின. ஒப்பமிடுவதற்கே மூன்று ஆண்டுகள் கழிந்தன. அந்த மூன்று ஆண்டுகளும் எவருடையவை? தீவு மக்களுடையவை அல்லவா?

இனி உலோகத்துக்கு வருவோம். தைத்தேனியம் உருக்கிலும் பாரம் குறைந்தது, கடல்நீரால் அரிக்கப்படாதது. அதன் தாதுவாகிய இல்மனைற்று, திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையிலே கருமணலாகக் கொட்டிக் கிடக்கின்றது. அம்மணலை எடுப்பதற்கென 1957இல் அரசு கூட்டுத்தாபனம் அமைத்தது. ஆண்டுகள் அறுபதுக்கு மேல் ஓடிவிட்டன. மணல் கப்பலேறுகின்றது, தைத்தேனிய உலோகம் செய்யும் ஆலை ஒன்றேனும் இந்நாட்டில் எழவில்லை. புல்மோட்டை மணல்தான் சுவிஸ் கடிகாரத்தில் இருக்கின்றது என்று நாம் சொல்லவில்லை. உலகில் எடுக்கப்படும் இல்மனைற்றிற் பெரும்பகுதி வர்ணப்பூச்சுக்கான வெண்பொடியாகவே முடிகின்றது. எனினும், தொன் கணக்கில் மணலை விற்பவனுக்கும், அதனை உலோகமாக்கித் துலாம்பரமாக விற்பவனுக்கும் உள்ள தூரத்தை அக்கடிகாரம் நன்கு அளந்து காட்டுகின்றது.

“சிறிய நாடு, நம்மால் முடியுமா?” என்பர் சிலர். கடலுக்கு அப்பால் கேரளத்துச் சவறாவிலே, அம்மாநில அரசின் நிறுவனம் 2011இல் ஆண்டுக்கு 500 தொன் தைத்தேனியப் பஞ்சு செய்யும் ஆலையைத் தொடங்கிற்று. அவர்களுக்கும் கடற்கரை மணலே மூலதனம்! இப்போது மன்னார்த் தீவின் மணல் மீதும் அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று கண் வைத்திருக்கின்றது. நிலம் தாழ்ந்துவிடும், கிணறு உவராகிவிடும் என்று அஞ்சி மக்கள் எதிர்த்து நிற்கின்றனர். அவர்களுடைய அச்சம் நியாயமானது.

நாம் கேட்பது சலுகை அன்று, கணக்கு. கரையோர மக்களின் சம்மதமின்றி ஒரு பிடி மணலும் அள்ளப்படலாகாது. அள்ளப்படும் மணலுக்கு இந்நாட்டிலேயே மதிப்புக் கூட்டப்பட வேண்டும். அதன் வருவாயில் ஒரு பங்கு அக்கரைகளுக்கே திரும்ப வேண்டும். தீவுகளின் படகுச் சேவைக்குப் பொறுப்பான ஓர் அதிகாரி வேண்டும்; படகு புறப்படும் நேரமும் பிந்திய நேரமும் மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும்; இரவிலும் நோயாளியை ஏற்றத்தக்க படகு ஒன்று அனலைதீவுத் துறையிலேயே நிற்க வேண்டும்.

தேர்தற் காலத்திலே எமது பிரதிநிதிகள் தவறாது தீவுகளுக்கு வருகின்றனர். அவர்களுக்கு வாக்காளர் மாலை சூட்டுவதோடு அமையாது, இக்கணக்கையும் கையில் கொடுப்பாராக. காத்திருப்பதைப் பொறுமை என்று எமக்குக் கற்பித்தவர்கள் ஒருநாளும் எம்மோடு துறையில் நின்று காத்திருந்தவர்கள் அல்லர். காலம் எமது உடைமை. உடைமையைக் கேட்டுப் பெறுவது இரப்பு அன்று, உரிமை!