துப்பாக்கி யார் வீட்டில் இருக்கிறது?

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, காலாப்பட்டில் எங்கள் பல்கலைக்கழகத்தை ஒட்டிய டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. படிப்பு, சென்னையில் மென்பொருள் வேலை, நல்ல சம்பளம். எவையெல்லாம் கிடைத்தால் சாதி நம்மைத் தொடாது என்று நம்பி நாங்கள் இங்கே வருடக்கணக்கில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறோமோ, அவையெல்லாம் அவரிடம் இருந்தன. அந்த வாரம்தான், வேறு சாதிப் பெண்ணைக் காதலிக்கும் ஜூனியர் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வாங்கினா என்ன?" யாரும் சிரிக்கவில்லை.

கேள்வியை ஒழுங்காக எடுத்துக்கொள்வோம். 21 வயது நிரம்பிய யாரும் ஆயுதச் சட்டம், 1959இன் கீழ் விண்ணப்பிக்கலாம். 9 எம்எம் பிஸ்டல் சாதாரண ஆளுக்குக் கிடையாது. அது தடைசெய்யப்பட்ட ரகம். நடைமுறையில் கைத்துப்பாக்கி என்றால் பாயின்ட் 32 ரகம்தான். டெல்லி பாலியல் வன்கொலைக்குப் பிறகு, பெண்களுக்கென்று சொல்லி கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வர் 500 கிராம் எடை. அன்றைய விலை 1,22,360 ரூபாய். நெட் தேறாத ஆய்வு மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை மாதம் 8,000. சாப்பிடாமல் சேர்த்தாலும் பதினைந்து மாதம் ஆகும். பெண்களுக்கான துப்பாக்கியாம். எந்தப் பெண்களுக்கு?

பணம் கிடைத்தது என்றே வையுங்கள். 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றிதழ் வேண்டும். எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுடுவது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் எப்படிப் பூட்டிவைப்பது என்று சொல்லித்தருவார்கள். தேவையான பயிற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே இலக்கு ஓர் அட்டை. அது அசையாமல் எதிரே நிற்கும். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டிய காட்சியை சிசிடிவி பதிவில் பார்த்திருப்பீர்கள். பைக்கில் வந்தார்கள், வெட்டினார்கள், போய்விட்டார்கள். பையிலிருந்து எதையும் எடுக்க அங்கே நேரமில்லை. கவினையோ, தெரிந்த ஒருவர் பேச வேண்டும் என்று அழைத்துப் போனார் என்பதுதான் வழக்கு. பேசக் கூப்பிடுகிற ஆளை நோக்கி எந்த நொடியில் துப்பாக்கியை நீட்டுவது? எந்த ரைஃபிள் கிளப்பும் இதைக் கற்றுத்தர முடியாது.

அதற்கும் முன்னால் காவல்துறை அறிக்கை ஒன்று இருக்கிறது. உங்கள் உயிருக்கு ஆபத்து உண்டா, நீங்கள் நம்பத்தகுந்தவரா என்று ஸ்டேஷன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கவின் கொலையில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெற்றோர் இருவருமே சார்பு ஆய்வாளர்கள் என்பதை நினைவில் வையுங்கள். தன் உயிரைக் காக்க எதிராளியைக் கொல்லவும் நேரலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆவது பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஆனால் சுட்டவர் சேரிக்காரர் என்றால் அதைத் தற்காப்பு என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்போவது யார்? 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் தலித்துகள் ஆறு பேர் செத்தார்கள். அரசு நியாயப்படுத்தியது போலீஸின் துப்பாக்கியைத்தான்.

இது இங்கே மட்டும் உள்ள கதையில்லை. 1956இல் மாண்ட்கோமரியில் வீட்டில் குண்டு வெடித்த பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1967இல் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு தெருவில் ரோந்து போனதும், கலிபோர்னியா அவசரமாகத் தடைச்சட்டம் போட்டது. துப்பாக்கி உரிமையைப் புனிதமாகக் கும்பிடும் நாட்டிலேயே நிலைமை அதுதான்.

நம் தோழர்கள் பலருக்கும் ஒரு விதி தெரியும்: பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இல் விதி 3. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது அதன் ஐந்தாவது உட்கூறு. வாட்ஸப்பில் சுற்றுவது இது மட்டும்தான். இரண்டு வரி மேலே மூன்றாவது உட்கூறு இருக்கிறது. அதைப் படித்தவர்கள் குறைவு. பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை, தேவைப்பட்டால், ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம் என்கிறது அது. அவர்களுடைய உரிமங்களை மட்டுமல்ல. நெருங்கிய உறவினர்கள், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் உரிமங்களையும் சேர்த்து.

வேலையாட்களும் குடும்ப நண்பர்களும் ஏன் வருகிறார்கள்? விதியை எழுதியவர்களுக்குச் சாதி தெரிந்திருக்கிறது. ஆதிக்கச் சாதியின் துப்பாக்கி ஒரு தனி ஆளுடையது அல்ல. உரிமத்தில் மாமன் பெயர் இருக்கும், தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவது மச்சானாக இருக்கும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு மிராசுதாரர் கூட்டம் துப்பாக்கிகளோடுதான் வந்தது. அதற்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தீ வைத்தார்கள் என்பதே நினைவில் நிற்கிறது. அவர்களை அந்தக் குடிசைக்குள் விரட்டியது துப்பாக்கிச் சூடு. அன்று அந்தக் குடிசையில் ஒரு ரிவால்வர் இருந்திருந்தால் என்று கேட்பதைவிட, மிராசு வீடுகளில் அத்தனை துப்பாக்கிகளை இருக்கவிட்டது யார் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஐந்தாவது உட்கூறின்படி நமக்குக் கிடைக்கக்கூடியது ஒரு ஆளுக்கு ஒரு உரிமம். பின்னால் உறவுக் கூட்டம் இல்லை, ஸ்டேஷனில் ஆள் இல்லை. ஆகவே உரிமம் கேட்காதே என்று அந்தத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. கேட்கலாம். "உன்னைக் காப்பாற்ற எங்களால் ஆகாது" என்று அரசிடம் எழுத்தில் வாங்குகிற மனு அது; அந்த அளவில் அதற்கு அரசியல் மதிப்பு உண்டு. ஆனால் அதை உயிர்க்காப்பு என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்படுவதை எல்லாரும் பார்க்கிறோம். ஓட்டுப்பெட்டிக்காகச் செய்ய முடிகிறதை ஒரு சேரிக்காக ஏன் செய்ய முடியாது? புதுச்சேரியிலோ உங்கள் மாவட்டத்திலோ பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்: 1995 முதல் விதி 3இன் மூன்றாவது உட்கூறின் கீழ் ரத்தான உரிமங்கள் எத்தனை? ஐந்தாவதின் கீழ் கொடுத்தவை எத்தனை? சாதி மறுப்புத் தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் அமைக்கலாம் என்று சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, இந்த மாவட்டத்தில் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?