ஓடும் தண்ணீரும் ஓடாத கணக்கும்

கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. ராமானுஜன் வளர்ந்த வீடு. சென்ற மாதம் வெளியூரிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவரை அங்கே அழைத்துப் போனேன். கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவைப் பார்த்த ஜன்னலருகே நின்று, "கணக்கு பிறவியிலேயே வரவேண்டும், ஸார். வராதவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாலும் வராது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வராதவர்களில் நானும் ஒருவன்.

நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். பிளஸ் டூவில் நுண்கணிதத்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். கல்லூரியில் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். முதல் நாள் வாத்தியார் வந்தார், சாக்பீஸை எடுத்தார், கரும்பலகை நிறையச் சூத்திரங்களை எழுதினார். எக்ஸ் ஸ்கொயருக்கு வகையீடு இரண்டு எக்ஸ். ஒரு பையன் எழுந்து, "ஏன் ஸார்?" என்று கேட்டான். "பரீட்சையில் ஏன் என்று கேட்கமாட்டார்கள்" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்தபோதும் அந்தச் சிரிப்பு என் காதில் இருந்தது.

அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். பக்கத்துக்கு 100 அடியாக ஒரு சதுர வயல். வடக்கு வரப்பையும் கிழக்கு வரப்பையும் ஓர் அடி வெளியே தள்ளுங்கள். (அண்டை வயல்காரன் சண்டைக்கு வருவான், அது வேறு சமாசாரம்.) வயலோடு என்ன சேர்ந்தது? நூறு நூறாக இரண்டு பட்டைகள், மூலையில் ஒரு சிறு சதுரம். மொத்தம் 201 சதுர அடி. அரை அடி மட்டும் தள்ளினால், அடிக்கு 200.5 வீதம் கூடியிருக்கும். தள்ளுவது குறையக் குறைய மூலைத் துண்டு இருந்த இடம் தெரியாமல் போகும். வீதம் இருநூறை நெருங்கும். நூறுக்கு இரு நூறு. எக்ஸுக்கு இரண்டு எக்ஸ். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல், ஒரு நாவலுக்காக நில அளவை பற்றிப் படிக்கப்போய் நானாகத் தெரிந்துகொண்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது என்று சொல்கிறவர், எங்கள் ஊர் டீக்கடையில் ஜூன் மாதம் ஒரு காலை உட்கார்ந்து பார்க்கவேண்டும். மேட்டூரில் 120 அடி நிறைந்தால் 93.47 டிஎம்சி என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். விநாடிக்கு எத்தனை கனஅடி திறக்கிறான் என்பது வேகம். எத்தனை டிஎம்சி போயிற்று என்பது மொத்தம். ஒரு டிஎம்சி என்றால் 100 கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுதும் விட்டால் அது தீரும். திறப்பு ஒரே சீராக இருந்தால் பெருக்கிவிடலாம். காலையில் 3,000, மாலையில் 10,000 என்று ஏறிக்கொண்டே போனால்? நாளைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, துண்டுக்குத் துண்டு பெருக்கிக் கூட்டவேண்டும். தொகையீடு என்று கல்லூரியில் பயமுறுத்துகிறார்களே, அதுதான் இது. 1675இல் லைப்னிட்ஸ் அதற்குப் போட்ட வளைந்த குறி, 'சும்மா' என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்தை இழுத்து எழுதியதுதான். மொத்தம் என்று பொருள். நம்முடைய சும்மா இல்லை. நியூட்டனோ மாறும் அளவையே 'ஓடுவது' என்ற பொருளில்தான் பெயரிட்டார். காவிரிக்கரைப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சிநேகிதர் விடவில்லை. "ராமானுஜன் மட்டும் என்ன? கார் என்பவருடைய புத்தகத்தில் சூத்திரங்களைப் பார்த்துத்தானே கற்றார்?" என்றார்.

வாஸ்தவம். 1903இல் அவர் கைக்கு வந்த அந்தப் புத்தகத்தில் சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள் உண்டு. நிரூபணம் மிகக் கொஞ்சம். ஆனால் அந்தப் பிள்ளை அவற்றை உருப்போடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து தானே வழி கண்டார். வாத்தியார் சொல்லாத 'ஏன்'களை எல்லாம் தாமே சொல்லிக்கொள்ள ஒரு ராமானுஜனால் முடியும். அறுபது பேர் வகுப்பில் மற்ற ஐம்பத்தொன்பது பேருக்காகத்தானே ஐயா உங்களுக்குச் சம்பளம்? அந்த மேதையையும் நம் பரீட்சைகள் விட்டுவைத்தனவா? 1904இல் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். இங்கிலீஷில் தேறாமல் அதை இழந்தார். பிறகு பச்சையப்பனில் படித்து எழுதிய எஃப்.ஏ.யும் 1907இல் கைவிட்டது. பரீட்சையை வைத்து வருகிறவன், வராதவன் என்று தரம் பிரிக்கிறவர்கள், அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் இருப்பது நல்லது.

சிநேகிதர், "போர்ஷனை முடிக்கவேண்டாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வீட்டுப் பெண் இந்த வருஷம் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் நோட்டை வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். சதுர வயலைப் படம் போட்டுக் காட்டினேன். முகம் மலர்ந்தது. தானே கன சதுரத்துக்கும் போட்டுப் பார்த்து, மூன்று பலகைகள் சேருகின்றன என்று கண்டுபிடித்துக் கத்தினாள். அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டவள்போல், "மாமா, இப்படி எழுதினால் பரீட்சையில் மார்க் போடுவார்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் நோட்டைத் திருப்பிச் சூத்திரங்களை உருப்போட ஆரம்பித்தாள்.