எஞ்சினை மாற்றுகிறோம், எரிபொருள் பம்பை யார் பார்ப்பது?

ஐந்து ஆண்டுகள் மூடியிருந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் பாவனைக்கும் திறந்துவிடப்பட்டது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக என்று சொல்லி நிறுத்தப்பட்டது அது. திறந்தவுடன் விலை இறங்கும் என்று வடக்கிலும் கிழக்கிலும் பலர் காத்திருந்தார்கள். ஆனால் எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, 20 வீதச் சுங்க வரி, அந்தச் சுங்க வரியின் மேல் 50 வீத மேலதிகக் கட்டணம், 18 வீத வற் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதில் சிறிய கார்கூட ஒரு சாதாரண அரச ஊழியருக்கோ விவசாயிக்கோ எட்டாத பொருளாகவே நின்றுவிட்டது.

இதன் விளைவை எங்கள் பகுதிக் கராஜ்களில் பார்க்கலாம். புதிய வாகனம் வாங்க முடியாதவர் பழைய வாகனத்துக்கு வேறு எஞ்சின் வைக்கிறார். மொறிஸ் மைனருக்குள் ஜப்பான் எஞ்சின், பெற்றோல் வானுக்குள் டீசல் எஞ்சின் என்று இந்த வேலை நடக்கிறது. பணம் தேடும்போது எல்லாரும் கேட்பது எஞ்சினின் விலையை. தாங்கியிலிருந்து அந்த எஞ்சினுக்கு எரிபொருளைக் கொண்டுபோகும் பம்பைப் பற்றிக் கேட்பவர் குறைவு. வாகனம் வழியில் நிற்பதும், சில வேளை தீப்பிடிப்பதும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. அந்த இடத்தைத்தான் அரசாங்கத்தின் எந்தப் பரிசோதனையும் தனியார் காரில் பார்ப்பதில்லை.

பொருளாதாரத் தடை தந்த கைத்திறன்

1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைப்பட்ட பொருள்களாயின. 2002இல் தடை தளரும்வரை எங்கள் வாகனங்கள் ஓடியது மண்ணெண்ணெயில். சிறு போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். அந்தக் காலம் எங்களுக்கு ஒரு தலைமுறை மெக்கானிக்குகளைத் தந்தது. இல்லாத பாகத்தைக் கடைந்து செய்யவும், ஒன்றுக்கு ஆனதை இன்னொன்றுக்குப் பொருத்தவும் அவர்களுக்குத் தெரியும். 2009க்குப் பிறகு எல்லாவற்றையும் இழந்து மீளக்குடியமர்ந்த பலரின் தொழில் மறுபடி உருளத் தொடங்கியதும் அவர்கள் எழுப்பிக் கொடுத்த பழைய வாகனங்களில்தான்.

அந்தத் திறனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது எந்தச் சூழலில் வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய எஞ்சின்கள் காபரேற்றர் எஞ்சின்கள். எரிபொருள் மேலிருந்து கீழே சொட்டினாலே போதும். குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. மண்ணெண்ணெயும் பெற்றோலைப்போலச் சட்டென்று பற்றும் பொருள் அல்ல. அது தீப்பற்றும் அளவு ஆவியைத் தருவது ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலேயே அதைத் தந்துவிடும். ஒரு கசிவு அன்று மணத்தோடு போனது. இன்று பெற்றோல் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடும் குழாயில் அதே கசிவு சூடான புகைக்குழாயின்மேல் விசிறியடிக்கும்.

எந்த எஞ்சினுக்கு எந்தப் பம்ப்

முதலில் அழுத்தம். மொறிஸ் மைனரில் இருந்த எஸ்.யூ. மின்பம்ப், சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று சத்தம் போடுமே, அது தருவது 2, 3 பி.எஸ்.ஐ. மட்டும். காபரேற்றருக்கு அது போதும். 1990களுக்குப் பின் வந்த ஜப்பான் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் பெரும்பாலானவை கேட்பது 40 முதல் 45 பி.எஸ்.ஐ. பழைய பம்பை வைத்து இன்ஜெக்‌ஷன் எஞ்சினை ஓட்டப் பார்த்தால் அது எழும்பாது. எழும்பினாலும் ஏற்றத்தில் இருமி நிற்கும். மறுபக்கத் தவறு ஆபத்தானது. காபரேற்றர் எஞ்சினுக்கு இன்ஜெக்‌ஷன் பம்பை நேரே கொடுத்தால் காபரேற்றரின் ஊசி வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெற்றோல் மேலால் வழிந்து சூடான எஞ்சின்மேல் விழும்.

அடுத்தது அளவு. இங்குதான் வீண் செலவு நடக்கிறது. பெற்றோல் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 230 கிராம் எரிபொருள் எரிக்கும் என்பது பொதுவான கணக்கு. 85 குதிரைவலு எஞ்சினுக்கு அது சுமார் 19, 20 கிலோ. அதாவது 26 லீற்றர். மூன்றில் ஒரு பங்கு கூட்டி வைத்தாலும் 35 லீற்றர்தான். அந்த எஞ்சின் பிறந்த காரின் சொந்தப் பம்ப் இதைத் தாராளமாகத் தரும். மணிக்கு 255 லீற்றர் தரும் ஓட்டப்பந்தயப் பம்பை 'பவர் கூடும்' என்று வாங்குவதில் பயனில்லை. எஞ்சின் எரிக்காத மிச்சம் தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையே சுற்றிச் சுற்றிச் சூடாகும். பழைய மெல்லிய வயரில் மின்னோட்டமும் கூடும். அழுத்தம் கூடினால் பம்ப் தரும் அளவு குறையும் என்பதால், பெட்டியிலுள்ள பெரிய எண்ணை விட்டு, 3 பார் அழுத்தத்தில் எவ்வளவு தரும் என்று கேட்டு வாங்குவதே சரி.

மூன்றாவது, திரும்பிவரும் குழாய். 90களின் எஞ்சின்கள் பலவற்றில் மிச்ச எரிபொருள் தனிக் குழாயால் தாங்கிக்குத் திரும்ப வேண்டும். மொறிஸ் தாங்கியில் அதற்கான வாசலே இல்லை. புதிதாக வைக்க வேண்டும். பின்னர் வந்த எஞ்சின்கள் சிலவற்றில், உதாரணமாக டொயோட்டா 1என்.இசட்.இல், அழுத்தத்தைச் சீராக்கும் கருவி தாங்கிக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கும். அங்கே பம்பை மட்டும் வாங்கினால் வேலை பாதிதான். எஞ்சின் வாங்கும்போதே அதே காரின் பம்ப் தொகுதியையும், முடிந்தால் தாங்கியையும் கேட்டு வாங்குங்கள். உடைத்து விற்கும் இடத்தில் எஞ்சின் விலையோடு பார்த்தால் அது சிறு தொகை.

நான்காவது, இடம். மின்பம்ப் தள்ளும், இழுப்பதில் அதற்குப் பலம் குறைவு. ஆகவே எஞ்சின் பக்கத்தில் அல்ல, தாங்கிக்கு அருகில், தாழ்வாக, புகைக்குழாய்க்குத் தூரமாக இருக்க வேண்டும். தாங்கிக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பெற்றோலே அதைக் குளிர்விக்கும். ஆனால் 2022இல் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்த காலத்தில் பழகியதுபோல, எப்போதும் அடித்தாங்கியில் ஓடினால் உள்ளே இருக்கும் பம்ப் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். கால் தாங்கிக்குக் கீழே விடாமல் ஓடுவது புதுப் பம்பின் செலவை மிச்சப்படுத்தும். ஐம்பது வருடத் தாங்கியின் துருவும் பம்பைக் கொல்லும். கழுவாத தாங்கிக்குப் புதுப் பம்ப் போடுவதில் அர்த்தமில்லை.

டீசலுக்கு மாற்றுவோருக்குக் கணக்கு வேறு. டொல்பின் வான்களில் இருந்ததுபோன்ற பழைய டீசல் எஞ்சினின் இன்ஜெக்‌ஷன் பம்ப் தானே எரிபொருளை இழுத்துக்கொள்ளும். அதற்குத் தேவை நல்ல பில்டர், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், காற்றை வெளியேற்றும் கைப்பம்ப் ஆகியவை. புதிய கொமன் ரெயில் எஞ்சின் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்வது. கலனில் வாங்கி வைத்த, தண்ணீர் கலந்த டீசல் ஒருமுறை போனாலே அதன் இன்ஜெக்டர்கள் கெட்டுவிடலாம். வயலுக்கும் கடலுக்கும் ஓடும் வாகனத்துக்கு அதை வைக்கமுன் இருமுறை யோசிக்க வேண்டும்.

உயிரைக் காக்கும் இரண்டு சிறு பொருட்கள்

ஒன்று குழாய். காபரேற்றர் காலத்து ரப்பர் குழாயும் இன்ஜெக்‌ஷன் குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குழாயின் உடம்பில் அச்சிட்டிருப்பதை வாசிக்க வேண்டும். உயர் அழுத்தத்துக்கானதில் 30ஆர்9 என்று இருக்கும். 30ஆர்7 என்று இருப்பது காபரேற்றருக்கானது.

மற்றது பம்புக்குப் போகும் மின்சாரம். முறையான காரில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். அவசர வேலைகளில் பம்பைச் சாவியோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். அப்படியான வாகனம் விபத்தில் கவிழ்ந்து குழாய் அறுந்தாலும், சாவி திருப்பியபடி இருக்கும்வரை பம்ப் பெற்றோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இதை மெக்கானிக் இல்லாமலே சோதிக்கலாம். எஞ்சினை எழுப்பாமல் சாவியை மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். எஞ்சின் மாற்றிய இன்ஜெக்‌ஷன் காரில் பம்பின் சத்தம் சில விநாடிகளைத் தாண்டி ஓயாமல் கேட்டால், ரிலேயும் பியூசும் வைத்துச் சரியாக இணைத்துத் தரும்படி கராஜில் கேளுங்கள்.

அரசாங்கம் பார்ப்பதும் பாராததும்

எஞ்சின் மாற்றினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அங்கே பார்க்கப்படுவது எஞ்சின் இலக்கமும் ஆவணங்களும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் 2008 முதல் நடக்கும் புகைப் பரிசோதனை, பின்குழாயில் வருவதை மட்டும் அளக்கிறது. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் இறங்கியபோது பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் கழற்றவைத்தது மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும். தாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஓடும் குழாயைக் குனிந்து பார்க்க யாரும் இல்லை.

பதிவுக்கு அலைவது கடினம் என்று பலர் புத்தகத்தை மாற்றாமலே ஓடுகிறார்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரர் தட்டிக்கழிக்க அதுவே காரணமாகிவிடும். மக்களைத் தண்டப்பணத்தால் மிரட்டி இதைத் திருத்த முடியாது. எஞ்சின் மாற்றத்தைப் பதியும் அதே நாளில், மாவட்டத்துக்குள்ளேயே, குழாய், பம்ப், வயர் மூன்றையும் பார்த்துச் சான்று தரும் எளிய பரிசோதனை ஒன்று இருந்தால் போதும். ஆளில்லை என்ற சாட்டும் பொருந்தாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. தடைக்காலத்து மெக்கானிக்குகளை மாலை வகுப்புக்கு அழைத்து இன்ஜெக்‌ஷன் எரிபொருள் அமைப்பைச் சில வாரங்களில் கற்பிக்க முடியும். அவர்களின் கைக்கு அது கடினமான பாடம் அல்ல.

வரி இப்படியே இருக்கும்வரை எங்கள் பழைய வாகனங்கள் வீதியை விட்டுப் போகப்போவதில்லை. வாகனத்தைப் புதுப்பிக்க முடியாதபடி வரி போடும் அரசுக்கு, பழையது பாதுகாப்பாக ஓடுகிறதா என்று பார்க்கும் கடமையும் உண்டு. மாகாண அதிகாரிகளிடமும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டியது இதுதான். அவர்கள் பதில் சொல்லும்வரை காத்திராமல், கராஜிலிருந்து வண்டியை எடுக்கும் நாளில் குழாயின் எழுத்தை வாசியுங்கள். சாவியைத் திருப்பி பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.