வீட்டுக் கைத்தொழில்: ஒடிந்த மான் கொம்பு

வடக்கே குடியேறியுள்ள நம் சங்கக் குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாரின் தந்தை அந்நாளைய மத்திய மாகாணத்துக் காடுகளில் பணிபுரிந்தவர். அவர் காலத்துக் கடமான் தலை ஒன்று உரிமைச் சான்றிதழுடன் அவர்கள் இல்லத்தில் இருந்து வருகிறது. வீடு மாற்றியபொழுது வலக்கொம்பின் கிளையொன்று ஒடிந்து, துண்டும் தொலைந்து போயிற்று. வேறொரு மானின் கொம்பை வெட்டி ஒட்டித் தருவதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்கிறாராம். சம்மதிக்கலாமா என்று கேட்கிறார்.

கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் கொம்பு வாணிபத்தைத் தடுக்கிறது. மான் தன் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாய் வளர்ப்பது உண்மையே; அதனால் காட்டில் கிடப்பதைப் பொறுக்கி விற்பதில் குற்றமென்ன என்பாரும் உளர். சட்டம் அவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. சான்றிதழ் உள்ள தலையோடு சான்றிதழ் இல்லாத துண்டை ஒட்டிவைத்தால், மூதாதையர் பொருளே கைவிட்டுப் போகும்படி ஆகலாம்.

ஆகவே ரெசின் வார்ப்பே நேரிய வழி. ரெசினைத் தக்க கடினமாக்கியுடன் கலந்தால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். அச்சுக்குச் சிலிக்கான் ரப்பர் ஏற்றது. கொம்பின் வரிகளையும் பருக்களையும் மயிரிழையும் பிசகாமல் பதித்துக்கொள்ளும்.

எதைப் பார்த்து அச்செடுப்பது? மறுபுறக் கொம்பைத்தான் என்று யாவரும் நினைப்பர். இங்கேதான் இடறல். இடக்கொம்பும் வலக்கொம்பும் கண்ணாடியில் தெரியும் உருவைப் போன்றவை. ஒடிந்தது சிறு நுனியானால், இடப்புற வார்ப்பைச் சற்றே திருப்பி வைத்தால் பொருந்திவிடும். வளைவோடு முறுக்கும் கூடிய நீண்ட கிளையானால் எப்படித் திருப்பினும் பொருந்தாது. அப்பொழுது களிமண்ணால் அக்கிளையை எதிர்ப்புறமாக வனைந்து, அதிலிருந்து அச்செடுப்பதே முறை. கடமான் கொம்பில் பெரும்பாலும் மூன்றே கிளைகளாதலால் வேலை மலைப்பாக இராது.

ஒடிந்த முகத்தில் முதலில் பாராலாய்டு பி-72 என்னும் பூச்சைத் தடவிக் காயவிடுங்கள். அதன்மேல் எபாக்சிப் பசையால் ஒட்டினால், பிற்காலத்தில் அசிட்டோன் கொண்டு பிரித்தெடுக்க இயலும். அருங்காட்சியகங்களில் பழம்பொருளைச் செப்பனிடுவோர் கைக்கொள்ளும் முறை இது. நீண்ட கிளைக்கு நடுவே பித்தளைக் கம்பி செருக வேண்டியிருக்கும். சிறு நுனிக்காக எலும்பைத் துளைப்பது வீண் கொடுமை என்பது நம் கருத்து.

நிறந்தான் கைத்திறனைச் சோதிப்பது. வார்க்கும்போதே ரெசினில் தந்த நிறத்தைக் கலந்துவிட வேண்டும். பின்னாளில் உராய்ந்தாலும் வெள்ளை பளிச்சிடாது. உயிருள்ள மான் மரங்களில் தேய்ப்பதால் பட்டைச் சாறு ஏறிக் கொம்பின் வரிப்பள்ளங்கள் கறுக்கின்றன. நுனியோ தேய்ந்து வெளுக்கிறது. நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கரைத்துத் தடவி, காயுமுன் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கும். ஒரே பூச்சில் முடிக்கப் பார்ப்பவர் கட்டையைத்தான் காண்பார். ஐந்தாறு முறையேனும் தடவித் துடைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். குழல் விளக்கொளி ஏமாற்றும். முடிவில் மங்கல் வார்னிஷ் பூசாவிடில் ரெசினின் மினுமினுப்பே காட்டிக் கொடுத்துவிடும்.

பம்பாய், கல்கத்தா போன்ற ஈர நகரங்களில் உள்ளோர் மழைக்காலத்தில் பாலியூரிதேன் ரெசினைத் தொடாதிருப்பது நலம். ஈரம் பட்டால் நுரைத்துவிடும். எந்த ரெசினானாலும் சன்னல்களைத் திறந்து, கையுறை அணிந்து, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்க. அடுக்களைப் பாத்திரத்தில் கலத்தல் ஆகாது.

சகோதரிக்கு இன்னுமொரு சொல். பார்சல் கணக்கு எழுதும் நமக்கு இது கண்ணில் படாமல் போகாது: மாநிலம் விட்டு மாநிலம் இத்தகைய பொருளைக் கொண்டு சென்றால் 30 நாட்களுக்குள் அங்குள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். வாரிசாகப் பெற்றவர் 90 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். இரண்டும் செய்தாயிற்றா என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின், தலை பொருத்தியுள்ள பலகையின் பின்புறம் இன்ன கிளை ரெசின், இன்ன ஆண்டு செய்தது என்று எழுதி வையுங்கள். அதையே சான்றிதழின் நகலோடும் குறித்து வைப்பது நல்லது.