ஊசிமுனையில் தமிழ் நிற்காதா?

இடுப்பு முள்ளெலும்புகளிடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீரெடுக்கும் முறையை 1891-இல் வெளியிட்ட செருமானிய மருத்துவர் குயின்கே தம் தாய்மொழியிலேயே எழுதினார். தமிழகத்துப் பயிற்சி மருத்துவர்க்கோ அது ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. வளர்ந்தோர்க்குத் தண்டுவடம் முதலிரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிகின்றது. ஊசி அதற்குக் கீழேயே புகவேண்டும். இது தமிழிற் சொல்லவியலாத மறைபொருளா?

முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, அசையாது கிடக்குமாறு நோயாளிக்குச் சொல்லவேண்டியது தமிழிலன்றோ? கற்றது ஒருமொழி, கட்டிலருகே பேசுவது வேறுமொழி எனின், விளங்காது அஞ்சி அசைபவன் ஏழைத் தமிழனே!

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கராகிய கிரீன் 1860-களிலேயே தமிழில் மருத்துவங் கற்பித்தார், நூல்களும் ஆக்கினார். அயலவர்க்குக் கைகூடியது தமிழ் மருத்துவர்க்குக் கைகூடாதெனில், குறை மொழியினதன்று; அடிமை நெஞ்சினதே! தமிழ் மருத்துவர்காள், பயிற்சிக் கூடத்தே தமிழை ஒலிப்பிப்பீர்!