அட்டாக்கா, அஸால்ட்டா?

'அட்டாக், அஸால்ட் ரெண்டுமே தாக்குறதுதானே சார்? எதுக்கு ரெண்டு வார்த்தை?' (வடுகபட்டி வாசகர்)

உங்க ஊர் பூண்டுச் சந்தைக்கே வாங்க. மூட்டையில் பூஞ்சணம் பிடித்தால் அட்டாக். தெருநாய் பாய்ந்தாலும், மேடையில் எதிர்க்கட்சியை விளாசினாலும் அட்டாக்தான். அஸால்ட் பெரும்பாலும் மனுஷன் மேல் மனுஷன் பாய்வது. கோர்ட் வாசனை அடிக்கிற வார்த்தை.

சட்டத்தில் இன்னொரு வேடிக்கை: அடி விழவே வேண்டாம்! விலைத் தகராறில் எதிராளி பயப்படட்டும் என்று எடைக்கல்லை ஓங்கி, 'விழப்போகுதுடா' என்று அவர் பதறினாலே அஸால்ட். 1860-ம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தில் 351-வது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 130. முஷ்டியை ஆட்டுவது, கடிநாயின் வாய்ப்பூட்டை அவிழ்க்க ஆரம்பிப்பது... இதெல்லாம் சட்டமே சொல்கிற உதாரணங்கள். வெறும் வாய்ச்சவடால் போதாது, சைகையும் வேணும். மூணு மாசம் வரை உள்ளே இருக்க நேரலாம்.

நம்மாட்களுக்கோ 'அசால்ட்டு' என்றால் அலட்சியம். 2014-ல் வந்த 'ஜிகர்தண்டா' சேதுவுக்கு அதுவே பட்டப்பெயர்! ஸ்டேஷனில் புகார் எழுதும்போது 'அடித்தான்' வேறு, 'அடிக்க ஓங்கினான்' வேறு. அங்கே மட்டும் அசால்ட்டா இருந்துடாதீங்க.